ஏட்டுச் சான்றும் வாய்ச் சான்றும்

மலையகத்து மாணவர் பலர் இப்பொழுது தம் சொந்தத் தோட்டங்களையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளத் தொடங்கியிருக்கின்றனர். உயர்தர வகுப்பில் செயற்றிட்டம் எழுதுவோரும், பல்கலைக்கழகத்து இறுதியாண்டில் ஆய்வேடு எழுதுவோரும் ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளில் லயந்தோறும் சென்று முதியோரைக் கண்டு பேசுகின்றனர். மகிழத்தக்க செய்தி இது. ஆயினும் அவர்கள் எழுதிக் கொணரும் ஏடுகளை ஒரு பாடசாலை அதிபர் என்ற முறையில் படிக்க நேரும்பொழுது, பெரும்பாலானவற்றில் ஒரு குறையைக் காண்கின்றேன். இச்செய்தியை யார் சொன்னார், அவரை ஏன் நம்பினோம் என்னும் வினாக்களுக்கு அவற்றில் விடை இராது. ஒன்று அச்சில் வந்தது என்பதனால் நம்பப்பட்டிருக்கும். மற்றொன்று பாட்டனார் சொன்னது என்பதனால் நம்பப்பட்டிருக்கும். நம்பத்தக்க சான்றைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு என்பதைப் பற்றி இன்று நேயர்களோடு சிறிது பேச விழைகின்றேன்.

ஒரு தோட்டத்தில் எத்தனை பேர் கொழுந்து பறிக்கின்றனர் என்பது எண்ணி அறியத்தக்கது. அவர்களுள் ஒருத்தி தன் வேலையை எவ்வாறு கருதுகின்றாள், தமையன் இந்தியாவுக்குப் போனபொழுது தம்பி ஏன் இங்கேயே தங்கினான் என்பனவற்றை எண்ணிக் காண இயலாது; கேட்டும் படித்தும் உய்த்துணர்ந்துமே அறிய வேண்டும். இவ்வகை வினாக்களை ஆராய்வதையே பண்புசார் ஆய்வு என்கின்றனர். இதில் கணக்கு இல்லை என்பதனால் கண்டிப்பும் இல்லை என்று சிலர் எண்ணிவிடுகின்றனர். ஆயிரம் பேரைக் கேட்டுக் கணக்கிடும் ஆய்வில் ஒருவர் பிழைபடச் சொன்னால் அது கரைந்து போகும். பத்துப் பேரைக் கேட்டு எழுதும் ஆய்விலோ ஒருவரின் சொல்லே பத்தில் ஒரு பங்கு. கண்டிப்பு இங்கேதான் கூடுதலாக வேண்டும்.

அன்றியும், "எது சான்று?" என்னும் கேள்வி நம் மக்களுக்கு வெறும் வகுப்பறைக் கேள்வியன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின்னர், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் பத்தாண்டுகள், மணமானவராயின் ஏழாண்டுகள், இடையறாது இந்நாட்டில் வசித்ததாக விண்ணப்பதாரர் நிறுவ வேண்டும் என்றது அச்சட்டம். ஏறக்குறைய 825,000 பேரைக் குறித்து 237,000 விண்ணப்பங்கள் போயின. இறுதியில் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறக்குறைய 134,000 பேரே. தன் பிள்ளை எந்த லயத்தில், எந்த மழையில் பிறந்தது என்பதைத் தாய் சொல்வாள்; அதனை எழுத்தில் காட்டு என்றது சட்டம். அந்த எழுத்தோ அவள் கையில் இல்லை. துரையின் கந்தோரில் இருந்தது. எழுத்துக்கும் வாய்மொழிக்கும் இடையில் நம் மக்கள் பட்ட பாட்டினை நினைவிற் கொண்டுதான் நாம் சான்றுகளை எடைபோட முற்பட வேண்டும்.

முதலில் கந்தோர் ஏட்டினையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்தின் செக்ரோலைப் போலத் திருத்தமான ஆவணம் வேறில்லை என்று மாணவர் எண்ணுகின்றனர். பெயர், இலக்கம், நாள்தோறும் இட்ட குறி, மாத முடிவில் தொகை, பற்றுவரவு எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது எதற்காக எழுதப்பட்டது? கூலி கொடுப்பதற்காக எழுதப்பட்டது. ஆகையால் கூலி எவ்வளவு என்பதற்கு அது நல்ல சான்று. வேலை எவ்வளவு என்பதற்கு? தோட்டத்து வழக்கில் ஒரு நாள் வேலைக்கு ஒரு "பேர்" என்று பெயர். குறித்த இறாத்தலுக்கு, இக்காலத்திலாயின் குறித்த கிலோவுக்கு, குறைந்து கொழுந்து கொண்டுவந்தவளுக்கு "அரைப்பேர்" போடுவார்கள். விடியற்காலையில் பிரட்டுக்களத்திற்கு வந்து, அட்டை கடியும் மழையும் பொறுத்து, மாலை நிறுவை முடியும்வரை மலையில் நின்றவளை ஏடு அரை நாளே வேலை செய்தவள் என்று சொல்கின்றது. இதை அறியாத மாணவன் செக்ரோலைக் கூட்டிப் பார்த்து, இத்தோட்டத்துப் பெண்கள் மாதத்தில் இத்தனை நாள்தான் வேலைக்குப் போயினர் என்று எழுதிவிடுவான். அவன் கூட்டல் சரியாகவே இருக்கும். முடிவு மட்டும் முழுப் பொய்யாகும். அரைப்பேர் என்றால் என்ன என்று அவனுக்குச் சொல்லத்தக்கவர் அந்த லயத்திலேயே இருக்கின்றார். ஏட்டினைப் படிக்க வாய்மொழி வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

வயதும் அப்படியே. பாடசாலைச் சேர்வு இடாப்பில் உள்ள பிறந்த திகதியை மறுக்கவொண்ணாத சான்றாகப் பலர் கொள்கின்றனர். பிறப்புச் சான்றிதழ் இல்லாது வந்த பிள்ளைக்கு, பல்லையும் உயரத்தையும் பார்த்து ஆசிரியர் ஒரு திகதி எழுதிய காலமும் உண்டு. அந்த இடாப்பு, பிள்ளை எந்நாளில் பாடசாலைக்கு வந்தது என்பதை உறுதியாகச் சொல்லும். எந்நாளில் பிறந்தது என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்லாது. ஒரே ஏட்டின் ஒரு நிரலை நம்பலாம், அடுத்த நிரலை ஐயுறலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் கரையிலிருந்து வந்தவர்களின் கழுத்தில் தொங்கிய தகரச் சீட்டையும் இங்கே நினைவு கூரலாம். தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் அதில் பொறித்திருந்தன. ஆளைத் தோட்டத்தில் சேர்ப்பிக்க அது போதும்; ஆளை அறிய அது போதாது.

இனி அச்சேறிய எண்களுக்கு வருவோம். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்களுள் எத்தனை பேர் மாண்டனர் என்பது மலையக வரலாற்றின் நெஞ்சை உலுக்கும் கேள்வி. 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை ஒரு கணக்கை வெளியிட்டது. 1841 முதல் 1848 வரை வந்தவர்களுள் ஏறக்குறைய 70,000 பேர், அதாவது நூற்றுக்கு 25 பேர், இறந்திருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. இந்த எண் இன்றுவரை கட்டுரைதோறும் மேடைதோறும் வருகின்றது. வரட்டும், ஆனால் அது எவ்வாறு கிடைத்தது என்பதை மாணவன் அறிந்திருக்க வேண்டும். அது பிணங்களை எண்ணி வந்த தொகையன்று. வந்தோர் தொகையிலிருந்து திரும்பினோர் தொகையையும், தோட்டங்களில் எஞ்சியிருந்தோரெனக் கருதப்பட்டோர் தொகையையும் கழித்து, வேறு தொழிலுக்குப் போயிருக்கக் கூடியவர்களுக்கு ஓரளவு விட்டு, மீதியை மாண்டவர் எனக் கொண்டனர். ஒருவரே மூன்று முறை வந்து போயிருந்தால் அவர் மூன்று பேராக எண்ணப்பட்டிருப்பார். துறைமுகத்து உத்தியோகத்தர் கண்ணிற் படாமல் தோணியேறித் திரும்பியவர் கழித்தலில் இறந்தவராகியிருப்பார். மேலும் அப்பத்திரிகையை நடத்திய டாக்டர் கிறிஸ்தோபர் எலியட், அன்றைய தேசாதிபதி டொரிங்டன் பிரபுவைக் கடுமையாக எதிர்த்தவர். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய முறையை வன்மையாகக் கண்டித்தவர். எதிர்ப்பவர் சொல்வது பொய்யாக வேண்டும் என்பதில்லை. அவர் அந்த எண்ணை ஏன் அப்பொழுது வெளியிட்டார் என்று கேட்பது நம் கடமை, அவ்வளவுதான்.

இப்படிச் சொன்னால், மாண்டவர் துன்பத்தைக் குறைத்துப் பேசுகின்றேன் என்று எவரும் கருதவேண்டா. அக்காலத்து அரசாங்கக் கடிதங்களும் வழிநெடுக வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் விழுந்தவர்களைப் பற்றிப் பேசவே செய்கின்றன. அத்துன்பத்தை நாம் உலகறியச் சொல்ல வேண்டும். அதனால்தான் எண்ணைச் சரியாகச் சொல்லிப் பழக வேண்டும். "70,000 பேர் மாண்டனர்" என்று எழுதுவது ஒன்று. "70,000 பேர் மாண்டிருக்கலாம் என 1849இல் ஒப்சேவர் கழித்துக் கணக்கிட்டது" என்று எழுதுவது மற்றொன்று. முன்னதனை மறுப்பவர் ஒருவர் எழுந்தால் நம் வாதம் முழுவதும் ஆட்டங்காணும். பின்னதனை மறுக்க எவராலும் இயலாது.

இதனோடு ஒட்டிய வேறொரு தொல்லையும் உண்டு. கம்பளைப் பகுதியில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் கோப்பித் தோட்டம் தொடங்கிய ஆண்டை 1823 என்று சில நூல்களும் 1824 என்று சில நூல்களும் கூறும். 1823ஐ அடியாகக் கொண்டே 2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு நினைவு கொண்டாடப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபவனியும் நிகழ்ந்தது. ஒரு மாணவன் என்னிடம், "ஐந்து புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது, சேர்" என்றான். ஐந்தையும் விரித்துப் பார்த்தோம். இரண்டாவது நூலார் முதல் நூலைப் பார்த்து எழுதியிருந்தார். மூன்றாமவர் இரண்டாவதைப் பார்த்து எழுதியிருந்தார். மற்ற இருவரும் எதைப் பார்த்தோம் என்றே சொல்லவில்லை. ஒரே கிணற்றில் ஐந்து வாளி நீர் மொண்டால் அது ஐந்து கிணற்று நீர் ஆகுமா? எத்தனை பேர் சொன்னார்கள் என்பதை விட்டு, எத்தனை பேர் தனித்தனியே அறிந்து சொன்னார்கள் என்று கேட்க வேண்டும். கைத்தொலைபேசியிற் பரவும் செய்திகளுக்கு இவ்விதி பின்னும் பொருந்தும்.

படங்களும் அவ்வாறே பரவுகின்றன. தலையில் முக்காடு, மூக்கில் நகை, முகத்தில் புன்னகையோடு கொழுந்து பறிக்கும் பழைய காலத்துப் பெண்களின் படங்களைப் பாட்டிமார் அன்று உடுத்த உடைக்குச் சான்றாக மாணவர் ஒட்டுகின்றனர். 1890இல் தொடங்கிய பிளாட்டே கம்பனி போன்ற கொழும்புப் படப்பிடிப்பாளர்கள் அஞ்சலட்டை விற்பனைக்காக நிறுத்தி வைத்து எடுத்த படங்கள் அவற்றுட் பல. வெள்ளைக்காரப் பிரயாணி எதைக் காண விரும்பினான் என்பதற்கு அவை முதல்தரமான சான்று.

தன்னை எழுதியவன் நினையாத ஒன்றையும் ஓர் ஏடு சொல்லிவிடுவதுண்டு. புதிதாக வந்த சின்னத்துரைமாருக்குத் தோட்டத்துத் தமிழ் கற்பிக்க ஒரு கையேடு வெளியாயிற்று. அதன் பெயர் "இங்கே வா". இலக்கணத்திற்கு அதனை எவரும் நாடவேண்டா. ஆனால் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே எப்படிப்பட்ட பேச்சு நடந்தது என்று ஆராய்பவனுக்கு அதன் அட்டையே ஒரு சான்று. லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொத்லாந்துக்கு எழுதிய கடிதங்களும் இத்தகையனவே. தந்தைக்கும் உறவினருக்கும் எழுதியவர் நம்மைப் போன்றோர் படிப்பர் என்று நினைத்து எழுதியிருக்க மாட்டார்.

கடிதம் என்றவுடன் வேறொன்று சொல்லத் தோன்றுகின்றது. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவராயிருந்த 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒப்பந்தத்தின் வாசகம் அச்சில் கிடைக்கின்றது. ஆனால் தலைமன்னாருக்குச் சென்ற அந்த ரெயிலுக்கு நம்மவர் "ஒப்பாரிக் கோச்சி" என்று ஏன் பெயரிட்டனர் என்பதை ஒப்பந்தம் சொல்லாது. போனவர்கள் நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருந்து, 1968இல் தமிழ்நாட்டரசு அவர்களுக்கென்று தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் இருந்து, இங்குள்ள தமையனுக்கும் தங்கைக்கும் எழுதிய கடிதங்கள் இன்னும் சில வீடுகளில் தகரப் பெட்டிக்குள் கிடக்கின்றன. உத்தியோகத்தருக்குக் காட்ட எழுதியவை அல்ல அவை. ஆயினும் ஒன்றை மறவாதீர்கள்: அக்கரைக்குப் போனவன் தன் கஷ்டத்தை உடன்பிறந்தாளுக்கு மறைத்தும் எழுதுவான். "நலம்" என்ற சொல்லை அப்படியே நம்பிவிடாமல், அடுத்த வரியில் எவ்வளவு பணம் கேட்கின்றான் என்றும் பாருங்கள்.

சான்று தேடிச் செல்பவன் யாராகச் செல்கின்றான் என்பதும் சான்றின் தரத்தை மாற்றும். தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர், அந்நியர் லயத்துக்குள் நுழைய முடியாதிருந்த காலத்தில், புடவை வியாபாரி போலத் துணிமூட்டையோடு தோட்டங்களுக்குள் புகுந்து தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார். 1931இல் ஹற்றனில் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவரும் அவரே. துரையின் முன் வாய் திறவாதவர் புடவைக்காரரிடம் பேசியிருப்பர் என்பதில் ஐயமில்லை. அவர் எழுத்து மக்களுக்காக வாதாடியவரின் எழுத்து என்பதையும் நினைவிற் கொண்டு படிக்க வேண்டும். அதனால் அதன் மதிப்புக் குறையாது. இக்கால மாணவர் மாறுவேடம் பூணுதல் ஆகாது. "நான் இன்ன பாடசாலை, இதற்காகக் கேட்கின்றேன், விருப்பமில்லையேல் சொல்ல வேண்டா" என்று கூறிய பின்னரே குறிப்பேட்டைத் திறக்க வேண்டும்.

முல்லோயாத் தோட்டத்தை இவ்விடத்தில் குறிப்பிடாமல் இருக்க இயலாது. 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள அத்தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபொழுது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். அரசாங்கம் விசாரணைக் குழுவை நியமித்தது. கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். இந்நிகழ்ச்சியை ஆராய்பவனுக்கு விசாரணை அறிக்கை உண்டு, பத்திரிகைகள் உண்டு, சங்கத்தார் நினைவு உண்டு, தோட்டத்து மக்கள் வழிவழியாகச் சொல்லும் கதையும் உண்டு. இவை ஒன்றுக்கொன்று மாறுபடும் இடங்களே ஆய்வாளனுக்குப் பொன் விளையும் நிலம். ஆணைக்குழு ஏடு திகதியையும் நேரத்தையும் நன்கு காக்கும். ஆனால் தமிழில் சொன்ன சாட்சியம் மொழிபெயர்ப்பாளர் வாயில் புகுந்து ஆங்கிலமாகவே ஏடேறும் வழக்கம் அக்காலத்து விசாரணைகளில் இருந்தது. "துரை ஏசினார்" என்ற சொல் எந்த ஆங்கிலச் சொல்லாயிற்றோ! மக்கள் கதையில் திகதி நழுவும். எவர் எவருக்கு உறவு, எதற்காக மனம் புண்பட்டது என்பன நழுவா.

முதியோர் சொல்லில் ஆண்டு இராது என்று அலுத்துக்கொள்வோர் உளர். ஆண்டு இருக்கின்றது, வேறு நாட்காட்டியில் இருக்கின்றது. "இன்ன துரை காலத்தில்" என்பர். "பஞ்சத்துக்கு முன்னே" என்பர். "தோட்டத்தை அரசாங்கம் எடுத்த வருஷம்" என்பர். பஞ்சம் என்றால் பெரும்பாலும் 1973, 1974; அரசாங்கம் எடுத்தது என்றால் 1972 அல்லது 1975; கம்பனிக்குத் திரும்பிப் போனது என்றால் 1992. துரைமார் காலத்தை அறியப் பெர்குசனின் இலங்கை டிரெக்டரி உதவும். அதில் தோட்டந்தோறும் உடைமையாளர், துரை, ஏக்கர் முதலியன அச்சிடப்பட்டிருக்கின்றன. ஒரு தொல்லை: மக்கள் துரைக்கு வைத்த பட்டப்பெயர் அதில் இராது, தோட்டத்துக்குத் தமிழில் வழங்கும் பெயரும் ஆங்கிலப் பெயரும் பலவிடத்து வேறுவேறு. இரண்டையும் இணைத்துச் சொல்லக்கூடிய பழைய கணக்கப்பிள்ளை ஒருவர் கிடைப்பாராயின் அவரை விடாதீர்கள்.

கேட்கும் இடமும் வேளையும் முக்கியம். தலைவர் பக்கத்தில் நிற்கும்பொழுது சங்கத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு விடை வரும். மறுநாள் பீலிக்கரையில் வேறு விடை வரும். பெண்களைக் கேட்கப் போனால் வீட்டு ஆண்மகனே முன்வந்து விடை சொல்வார். 1984 வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி இல்லாதிருந்த கதையை அவர் வாயாற் கேட்பதும், அக்கூலியை வாங்கியவள் வாயாற் கேட்பதும் ஒன்றாகா. கேட்ட இடம், உடனிருந்தவர், நாள் ஆகியவற்றைக் குறிக்காத நேர்காணல் அரைப்பேர் நேர்காணல்தான்.

பாட்டுக்களையும் மாணவர் சான்றாகக் காட்டுகின்றனர். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" 1983இல் வந்தது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர் கேட்டுத் தொகுத்தது. பாட்டில் வரும் துன்பம் உண்மை; பாட்டில் வரும் நிகழ்ச்சி அப்படியே நடந்தது என்று கொள்ளலாகாது. புதுக்கோட்டையிலோ சேலத்திலோ பாடிய மெட்டில் சொல்லை மாற்றிப் பாடியதும் உண்டு. ஆனால் 1869இல் இலைநோய் கண்டு, 1880களில் அழிந்த கோப்பியைப் பற்றி, கோப்பிச் செடியையே காணாத ஒரு மூதாட்டி பாடுவாராயின், அவர் தம் பாட்டியின் பாட்டியினுடைய நினைவை வைத்திருக்கின்றார் என்பது தெளிவு.

இவற்றைத் தேடிச் செல்ல வேண்டிய இடங்கள் மலைக்கப்பால் இல்லை. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கின்றது; பேராதனையில் பல்கலைக்கழக நூலகம் இருக்கின்றது; கொழும்புக்குப் போக வசதியற்றவர் நூலகம் நிறுவனத்தார் இணையத்தில் வைத்திருக்கும் தமிழ் ஏடுகளை வீட்டிலிருந்தே படிக்கலாம். கண்டி ஹந்தானையில் உள்ள தேயிலை நூதனசாலையையும், கம்பளைக்கு அருகே பழைய லயத்தையே நூதனசாலையாக்கிய தொழிலாளர் காட்சிச்சாலையையும் ஒரே வாரத்தில் பார்த்து வாருங்கள். ஒன்றில் எந்திரங்கள் பேசும்; மற்றதில் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் பேசும். ஒரே தொழிலை இருவர் இருவிதமாக நினைவு கூர்வதை நேரிற் காணலாம்.

நேர்காணல் முடிந்து, ஆய்வேடு தேர்வாளர் கைக்குப் போய்ச் சேர்ந்ததும், குறிப்பேடு அடுப்படிக்குப் போவதே நம் ஊர் வழக்கமாயிருக்கின்றது. சொன்னவர் இசைவாராயின் அதன் படியொன்றைப் பாடசாலை நூலகத்தில் வையுங்கள். ஒரு படியை அவர் வீட்டிலும் கொடுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவன் அதே மூதாட்டியை அதே கேள்விகளால் வருத்த வேண்டியிராது. முன்னவன் கேட்கத் தவறியதை அவன் கேட்கலாம். எண்பதைக் கடந்தவர்கள் லயத்துக்கு இருவர் மூவரே எஞ்சியிருக்கின்றனர்.